சியாங்குக்கு எந்த அறை?

போன வாரக் கதையின் முடிவில், சியாங்கின் கழுத்துத் துணி விலகியதைப் பார்த்து நித்தா தேங்காய்ப்பால் சட்டியைக் கீழே போட்டாள். அந்த இடத்தில் நிறுத்தியதற்கு என்னைத் திட்டி நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். "சட்டி உடைந்ததா இல்லையா, அதையாவது சொல்லித் தொலையுங்கள்" என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். உடையவில்லை அம்மா, அலுமினியச் சட்டி. பால்தான் போயிற்று.

இன்னொருவர், "சியாங் ஆணா பெண்ணா? இத்தனை வாரமாக 'அவர்' என்றே எழுதி ஏமாற்றுகிறீர்களே" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இந்த வாரம் யூஸ்னிதார் வீட்டுக் கூடத்தில் வெடித்ததும் அதேதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வரி. சியாங், வானத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர். நம் தோள் உயரம், மங்குஸ்தான் தோலின் நிறம், கைக்கு மூன்று விரல். பேசினால் இரண்டு பேர் சேர்ந்து சொல்வதுபோல் கேட்கும். சிங்காராக் ஏரிக்கு மேலே, எங்கள் ஊரில், யூஸ்னிதாரின் கொம்புக்கூரை வீட்டில் ஆறு வருடமாக இருக்கிறார். வந்து இறங்கியது பகல் என்பதால் சியாங் என்று பெயர் வைத்தார்கள். சியாங் என்றால் பகல். ஊரே தேங்காய்ப்பாலில் வற்றவைத்த ரெண்டாங் கறி மணக்கும் இடத்தில் அவருடைய சாப்பாடு கழுநீரும் அடுப்புச் சாம்பலும்.

வந்தவர்களை ஆறு வருடத்துக்குள் ஏதாவது ஓர் ஊர் தன் ஆளாக ஏற்க வேண்டும், இல்லையென்றால் முதலில் அடைத்து வைத்த தீவு முகாமுக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது சட்டம். கதையில் இன்று அந்த ஏற்புக்கான விருந்து, நாளைக் காலை அதிகாரி வருகிறார். எங்கள் ஊரில் 'தன் ஆள்' என்றால் குலத்துக்குள் எடுத்த ஆள். குலம் தாய்வழி. வீடும் வயலும் பெண்களுக்கு, பட்டமும் சபைப்பேச்சும் ஆண்களுக்கு. குலத்தலைவர் என்பவர் வீட்டுப் பெண்களின் சகோதரர். தாய்மாமன் சொல்லின் எடையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் இந்த ஊர் மாப்பிள்ளை. மாப்பிள்ளையை இங்கே 'அடிமரத்தின் மேல் கிடக்கும் சாம்பல்' என்பார்கள். காற்றடித்தால் போய்விடுவான். விருந்துகளில் தட்டுத் தூக்குவதும் மாப்பிள்ளைகளின் வேலைதான். அதில் ஒரு லாபம் உண்டு. கூடத்திலும் சமையலறையிலும் ஒரே நாளில் காது வைக்கலாம்.

இனி கதைக்கு வருகிறேன்.

"இது கட்டியா?" என்றாள் நித்தா. பால் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல, ஊனி. பிள்ளை."

ஊனி என்றால் அக்கா. தன்னைவிட மூத்த பெண் யாராக இருந்தாலும் இங்கே ஊனிதான். நித்தா இரண்டு நாள் முன்புதான் பாத்தாம் தீவிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. யூஸ்னிதாருக்கு ஒரே மகள். முப்பத்து நாலு வயது. பிள்ளை இல்லை என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய், கடைசியில் கணவனும் விட்டுப் போய், அதன் பிறகு ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டவள்.

"பிள்ளைன்னா, யாரோட பிள்ளை?"

"என்னோட."

"அது தெரியுது. இன்னொருத்தர்?"

சியாங் கொஞ்சம் யோசித்தார். "இன்னொருத்தர் இன்னும் வரல."

நித்தாவுக்கு அது கிறுக்குப் பேச்சாகத்தான் பட்டது. கழுத்தோரத்தில், எலுமிச்சம்பழ அளவுக்கு, தோலுக்கு வெளியே ஒரு காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது அது. லேசாகத் துடித்தது. தொட வேண்டும் என்று கை போனதை அவளே இழுத்துக்கொண்டாள்.

"அமாக்குக்குத் தெரியுமா?"

"அமாக்தான் துணி கட்டிவிட்டாங்க."

அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் விருந்துக்கு இத்தனை அவசரம். நித்தா குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். சியாங்கும் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தார்.

"ஊனி, ஒண்ணு கேக்கலாமா? அக்கான்னா இங்க என்ன வேலை?"

"வேலையா?" நித்தா சிரித்தாள். சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "நான் யாருக்கும் அக்காவா இருந்ததில்ல. பாத்திருக்கேன், அவ்வளவுதான். சின்ன வயசுல ஊத்துலேர்ந்து தண்ணி தூக்கிட்டு வருவோம். பக்கத்து வீட்டு ரத்னியோட தங்கச்சி பாதி மேட்டுல உக்காந்து அழும். ரத்னி ஒண்ணும் பேசாம அந்த வாளியையும் வாங்கிக்குவா. தங்கச்சியால தூக்க முடியாததை வாங்கித் தூக்கணும். அதான் அக்கா வேலை."

"எல்லா அக்காவுமா?"

"தூக்காட்டி ஊரே காறித் துப்பும்."

சியாங் துணியைப் பிழிந்து வைத்துவிட்டுச் சாம்பல் அள்ளப் போனார்.

பின்கட்டில் யூஸ்னிதார் ரெண்டாங் அண்டாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது. குரல் ஏரி வரைக்கும் கேட்கும். ஆடு அறுத்தாகிவிட்டது, கறி கறுக்க ஆரம்பித்துவிட்டது, சபைக்கு வருகிறவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நான் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஒருவன் அங்கே இருக்கிறான் என்பதை அம்மாவும் மகளும் பொருட்படுத்தவே இல்லை.

"அமாக், எனக்கு ஏன் சொல்லல?"

"எதை?"

"சியாங் கழுத்துல இருக்கிறதை."

யூஸ்னிதார் கிளறுவதை நிறுத்தவில்லை. "சொன்னா நீ வந்திருப்பியா?"

"என்னைக் கூப்பிட்டது விருந்துக்கா, இல்ல அறையைக் காலி பண்ணவா?"

அந்த வீட்டில் அறை இரண்டே இரண்டு. ஒன்று யூஸ்னிதாருடையது. கடைசி அறை நித்தாவுடையது, அவள் கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதில்தான் ஆறு வருடமாகச் சியாங் 'தற்காலிகமாக' இருக்கிறார். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு வீட்டில் அறை இருக்கிறது என்றால் அவள் அந்த வீட்டு ஆள். அறை இல்லை என்றால் விருந்தாளி.

"உனக்கப்புறம் இந்த வீட்டுல யாரு இருக்கா, சொல்லு," என்றார் அம்மா. "நான் கண்ணை மூடினா நீ. நீ மூடினா? வயலும் போகும், வீடும் போகும். இளைய கிளை நசிர்வானோட தங்கச்சி பொண்ணுங்க செருப்புதான் நம்ம படியில கிடக்கும்."

"அதுக்காக வானத்துலேர்ந்து ஒரு பேத்தியா?"

"வானத்துலேர்ந்து வந்தா என்ன, வாய்க்கால்லேர்ந்து வந்தா என்ன? வீட்டுக்கு வருதுல்ல!"

"நான் பெக்கல. அதானே, அமாக்?"

யூஸ்னிதார் முகத்தை அண்டாவின் பக்கம் திருப்பிக்கொண்டார். ஏனென்றால் அதேதான். கரண்டி அது பாட்டுக்குக் கிளறியது, அடியில் பிடித்த வாசனை வந்தது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை. நான்தான் விறகை இழுத்தேன். ஆறு வருடத்தில் அந்த அண்டா அடிபிடித்தது அன்றைக்குத்தான். சூடு உறைக்காத கையுடன் சியாங் பக்கத்தில் நின்று கிளறுவது வழக்கம். அன்று அவரைக் கூடத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூடத்தில் சுவரோரமாகப் பெரியவர்கள் உட்கார்ந்தாகிவிட்டது. நடுவில் வெற்றிலைத் தட்டு, அதிலிருந்து எடுத்தால் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் ஊர்ச் சபையில் யாரும் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட மாட்டார்கள். முதலில் மலைக்கு வணக்கம், பிறகு ஏரிக்கு, பிறகு எதிரே இருப்பவரின் தாத்தாவுக்கு. பழமொழிக்குப் பழமொழி பதில். ஆட்டுக்கறி ஆறிப்போனாலும் பேச்சு ஆறாது.

தலைமையில் டத்துக். அது பட்டம். யூஸ்னிதாரின் தம்பி, குலத்தலைவர், நல்ல மனிதர். காப்பிக்கடையில் டோமினோவில் தோற்றால் மட்டும் கோபம் வரும். அவருக்கு எதிர்ச்சுவரில் நசிர்வான், அதே குலத்தின் இளைய கிளை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர் தங்கைக்கு மூன்று மகள்கள், மூன்று மருமகன்கள், பேரப்பிள்ளைகள், எல்லோரும் ஒழுகுகிற ஒரே கூரைக்குக் கீழே. யூஸ்னிதாரின் வழி அற்றுப்போனால் வீடும் வயலும் அவர் கிளைக்கு வரும். அதை அவர் ஆசைப்பட்டதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

டத்துக் ஏரியைத் தாண்டி, தாத்தாக்களைத் தாண்டி, ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார். பக்கத்தில் சியாங் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு அக்கா ஒருத்திதான். அக்காவுக்கு ஆம்பளைப் பிள்ளை இல்ல. எனக்கப்புறம் இந்தப் பட்டத்தை யாரு தலையில வைக்கிறது? இந்தப் பூயுங் மாதிரி சபைப்பேச்சு பேச இன்னைக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா? இவனை அக்கா மகனா, என் மருமானா குலத்துக்குள்ள எடுக்கிறேன்."

"யாரு பூயுங்?"

சமையலறை வாசலில் யூஸ்னிதார், கையில் கரண்டியோடு.

பூயுங் என்றால் பையா. காப்பிக்கடையில் ஆண்கள் சியாங்கை ஆறு வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சமையலறையில் பெண்கள் ஊப்பியாக் என்று கூப்பிடுகிறார்கள். ஊப்பியாக் என்றால் சின்னப் பெண். சியாங் இரண்டுக்கும் 'வந்துட்டேன்' என்பார். காப்பிக்கடைக்குப் பெண்கள் போவதில்லை, அடுப்படியில் ஆண்கள் உட்காருவதில்லை. அதனால் இந்தச் சங்கதி ஆறு வருடமாக யார் காதிலும் உறைக்கவில்லை. தட்டுத் தூக்குகிற எங்களுக்கு உறைத்தது. ஆனால் மாப்பிள்ளையை யார் கேட்கிறார்கள்?

"ஊனி, சபை நடக்குது," என்றார் டத்துக்.

"நடக்கட்டும். யாரு பூயுங்னு கேட்டேன். என் வீட்டு அறையில படுக்கிறது ஆம்பளைப் பயலா? வயசு வந்த பயலை அறையில படுக்க வைக்க நான் என்ன மானம் கெட்டவளா? அது என் மக. மகளா எடுக்கத்தான் ஆடு அறுத்தது."

"மகளா? அப்ப இத்தனை வருஷமா ஒரு பொண்ணைக் கூட்டிட்டுப் போய்க் காப்பிக்கடை பெஞ்சில உக்கார வச்சேனா நான்? என் மானம் என்ன ஆறது?"

"அது உன் கண்ணு கெட்ட கேடு!"

கூடம் சிரித்துப் புரண்டது. சியாங் கையிலிருந்த தட்டை நானே வாங்கிக்கொண்டேன். அவருடைய தோல் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. பயந்தால் அப்படி ஆகும்.

நசிர்வான் சிரிக்கவில்லை.

"மூங்கில் குழாயில தண்ணி உருண்டையாகும், கலந்து பேசினா சொல்லு உருண்டையாகும். பெரியவங்க சொன்னது," என்றார் அமைதியாக. "இங்க அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். சொல்லு உருளல. உருளாத சொல்லுக்கு நான் வெத்தலை எடுக்க மாட்டேன். ஒரு கிளை எடுக்காட்டி இந்த ஏற்பு செல்லாது. எல்லாருக்கும் தெரியும்."

சிரிப்பு நின்றது.

"ஆனா நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்ல. டத்துக் கேட்டபடி மருமானா எடுங்க. இப்பவே வெத்தலை போட்டுக்கறேன். பட்டத்துக்கு ஆள் கிடைச்சாச்சு, அதிகாரிக்குப் பதில் சொல்லியாச்சு. மருமானுக்கு அம்மா வீட்டுல அறை கிடையாது, அதையும் சொல்லிடறேன். இன்னைக்கே பாயைச் சுருட்டிட்டுத் தொழுகைக் கூடத்துக்குப் போகட்டும். நம்ம வீட்டு ஆம்பளைப் பசங்க எல்லாம் அங்க படுத்து வளந்தவங்கதானே?"

டத்துக்கின் முகத்தை நான் பார்த்தேன். கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவருடைய கை வெற்றிலைத் தட்டு வரைக்கும் நகர்ந்தது. பிறகு சமையலறை வாசலைப் பார்த்தார். அக்காவின் கண்களில் தண்ணீர் நின்றது. 

"கவா குடிச்சுட்டுப் பேசலாம்," என்றார் டத்துக். காப்பி இலை வடித்த அந்தப் பானம் எங்கள் ஊரில் எத்தனையோ சண்டையை ஒத்திப்போட்டிருக்கிறது.

நித்தா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முன்பு ஒருமுறை நின்ற அதே கதவு. கணவன் விட்டுப் போன வருடம் இதே கூடத்தில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, குறை யாரிடம், தட்டுமுட்டுச் சாமான் யாரிடம், இனி அவள் எங்கே இருப்பாள் என்று பேசி முடித்தார்கள். அன்றைக்கும் மலை, ஏரி, பழமொழி எல்லாம் உண்டு. நித்தாவைத்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சியாங் பின்படியில் நின்றுகொண்டிருந்தார். வெளுப்பு இன்னும் போகவில்லை. நித்தா போய் ஒரு படி மேலே உட்கார்ந்தாள்.

"நீ பொண்ணா, ஆம்பளையா?"

"எங்க ஊர்ல அப்படிப் பிரிக்கறது இல்ல, ஊனி. கடையில கூப்பிட்டாங்க, போனேன். அடுப்படியில கூப்பிட்டாங்க, வந்தேன். கூப்பிடறவங்க கூப்பிட்டா வரணும்னு நினைச்சேன். தப்பா?"

"தப்பு உன்னுது இல்ல." நித்தா ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்து கேட்டாள். "உனக்கு என்ன வேணும்? அமாக்குக்கு வேணும், மாமக்குக்கு வேணும், அதை விடு. உனக்கு?"

ஆறு வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. 

"கதவு," என்றார். "உள்ளேயிருந்து சாத்தற கதவு. தீவு முகாம்ல கதவே இல்ல. வரிசையா நிப்போம், நின்னுக்கிட்டே தூங்குவோம். அங்கயும் பிள்ளை வந்துச்சு, நிறையப் பேருக்கு. ஒண்ணுகூடத் தங்கல. உங்க அறைக் கதவை முதல் நாள் சாத்தினப்ப, நான் கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னேன்."

நித்தாவுக்கு அந்தக் கதவைத் தெரியும். கணவன் போன பிறகு அதைச் சாத்திக்கொண்டுதான் அவள் அழுதாள். அவளுக்குச் சியாங் மேல் இருந்த கோபம் அங்கே தீர்ந்தது. அம்மா மேல் இருந்தது தீரவில்லை, அது வேறு கணக்கு.

எழுந்து, தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்துகொண்டு, நேராகக் கூடத்துக்குள் நடந்தாள். சபை நடக்கும்போது பெண்கள் குறுக்கே வருவதில்லை. கவா குடிக்கும் நேரம் சபையா இல்லையா என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதனால் யாரும் தடுக்கவில்லை.

"மாமக், ஒரு சந்தேகம்," என்றாள். மாமக் என்றால் நம் தாய்மாமன்தான். "சபையில உக்கார ஆள் எடுக்கறதுக்குச் சபை சம்மதிக்கணும். சரி. வீட்டுக்குள்ள அறை குடுக்கறதுக்கு யாரு சம்மதிக்கணும்?"

"அறைக்காரி," என்றார் டத்துக். அவருக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது.

"கடைசி அறை யாருது?"

"உன்னுது."

"நான் குடுக்கறேன். வாடகைக்கு இல்ல, தற்காலிகமா இல்ல. சியாங் என் தங்கச்சி. தங்கச்சிக்கு அறை." திரும்பி நசிர்வானைப் பார்த்தாள். "வெத்தலை எடுக்கறதும் எடுக்காததும் உங்க இஷ்டம், நசிர்வான் மாமக். ஆனா உங்களுக்கு எது வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். உங்க தங்கச்சி பொண்ணுங்களுக்கு நட இடம் இல்ல. மேல்வயல்ல நான் பாத்தாம்லேர்ந்து வந்து நாத்து நடப்போறது இல்ல. அவங்க நடட்டும், அறுக்கட்டும். நிலம் இந்த வீட்டுது, நெல்லு அவங்களுது. அமாக் இருக்கற வரைக்கும், நான் இருக்கற வரைக்கும்."

சமையலறை வாசலில் "ஐயோ, மேல்வயலா!" என்று ஒரு சத்தம் கேட்டு அடங்கியது.

 நசிர்வான் தங்கையின் கடைசி மகள் வெளியே படியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவளை ஒருமுறை பார்த்தார்.

"சொல்லு இன்னும் உருளல," என்றார், கொஞ்சம் இறங்கிய குரலில். "டத்துக் மருமான்னு சொன்னது சபையில நிக்குது."

எல்லோரும் டத்துக்கைப் பார்த்தார்கள்.

டத்துக் தலையிலிருந்த பட்டத் துணியைக் கழற்றினார். மடிப்பு மடிப்பாகத் தைத்த கறுப்புத் துணி, அவருக்கு முன் அவருடைய மாமா வைத்தது. மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தார். "ஆள் இல்லாட்டி பட்டத்தை மடிச்சு வைக்கலாம். நம்ம வழக்கத்துல அதுக்கு இடம் இருக்கு. ஆள் வந்தா விரிச்சுக்கலாம்." துணியை வெற்றிலைத் தட்டின் பக்கத்தில் வைத்தார். "வீட்டை மடிச்சு வைக்க முடியாது. என் சொல்லை வாபஸ் வாங்கறேன். சியாங் என் மருமக. காப்பிக்கடைக்கு இனிமே வராதே, பூயுங்... ஊப்பியாக். எதையோ ஒண்ணு." சொல்லிவிட்டு முகத்தைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டார்.

டோமினோ ஜோடி போன துக்கமும் அதில் கொஞ்சம் இருந்தது. நான் மறைக்க மாட்டேன்.

நசிர்வான் வெற்றிலை எடுத்தார்.

அதன் பிறகு ஊர் சாப்பிட்டது. அடிபிடித்த ரெண்டாங்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. யூஸ்னிதார் மகளிடம் தட்டை நீட்டி, "கல்லீரல் உனக்குப் பிடிக்குமே" என்றார். நித்தா வாங்கிக்கொண்டாள்.  அவர்களுக்குள் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, ஒரு விருந்தில் தீராது.

அறைக்குள் நடந்ததை நித்தா என் மனைவியிடம் சொன்னாள், என் மனைவி என்னிடம் சொன்னாள், நான் உங்களிடம் சொல்கிறேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடைசி அறைக்குள் நித்தா பெட்டியில் துணி அடுக்கினாள். மறுநாள் மதியம் பாடாங் நகரத்திலிருந்து விமானம். சியாங் கதவை உள்ளேயிருந்து சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். நித்தாவுக்குச் சிரிப்பு வந்தது.

"இனிமே உன் கதவுதான். தேய்ச்சுடாதே."

"ஊனி, காலையில கேட்டீங்களே, இன்னொருத்தர் யாருன்னு."

"இன்னும் வரலன்னு சொன்னே."

சியாங் கழுத்துத் துணியை அவிழ்த்தார். காலையில் எலுமிச்சை அளவு இருந்தது இப்போது இன்னும் கனத்துத் தொங்கியது. காம்பு மெலிந்திருந்தது.

"எங்க பிள்ளைக்கு ரெண்டு பேர் வேணும். பெக்கறதுக்கு இல்ல, தூக்கறதுக்கு. முதல் பாதி பெத்தவங்க கழுத்துல. அப்புறம் அது உதிரும். உதிர்ந்ததும் கூடப்பிறந்தவங்க வாங்கி நெஞ்சோட கட்டிக்கணும். மீதிப் பாதி அங்கதான் வளரும். பெத்தவங்க உடம்புல அதுக்கப்புறம் சூடு போதாது. யாரு நெஞ்சுல வளருதோ அவங்க குரல்தான் அதுக்கு வரும்."

நித்தாவின் கையிலிருந்த துணி பெட்டிக்குள் விழவில்லை, வெளியேயும் விழவில்லை.

"தீவுல..." என்று ஆரம்பித்தாள்.

"தீவுல கூடப்பிறந்தவங்களை வேற வேற இடத்துல வச்சாங்க. நல்லதுன்னு நினைச்சுத்தான். அப்பத்தான் ஊரோட சீக்கிரம் கலப்போம்னு." சியாங்கின் இரண்டு குரல்களும் மெதுவாக வந்தன. "ஒண்ணுகூடத் தங்கலன்னு சொன்னேன்ல."

"இதுக்குத்தான் காலையில என்கிட்ட அக்கா வேலை என்னன்னு கேட்டியா?"

"தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். சபையில நீங்க தங்கச்சின்னு சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டது கதவு மட்டும்தான். வேண்டாம்னா வேண்டாம், ஊனி. உங்களுக்கு வேலை இருக்கு, ஊர் இருக்கு. யாரும் காறித் துப்ப மாட்டாங்க. இது யாருக்கும் தெரியாது."

நித்தா கட்டிலில் உட்கார்ந்தாள். எத்தனை டாக்டர், எத்தனை மருந்து, எத்தனை வருடம். உன் உடம்பில் தங்காது என்று எல்லோரும் சேர்ந்து சொன்ன உடம்பு அது. அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது எதற்கு என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"எப்ப உதிரும்?"

"நாளைக்கு வெயில் ஏறும்போது."

நாளைக்கு வெயில் ஏறும்போதுதான் அதிகாரி வருகிறார். விமானமும் நாளைக்குத்தான். வெளியே யூஸ்னிதார் அண்டாவைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்று நித்தாவுக்குத் தெரியவில்லை.

 தோளில் கிடந்த சால்வையை எடுத்து, நெஞ்சில் கட்டினால் தாங்குமா என்று இரண்டு கைகளாலும் பலமாக இழுத்துப் பார்த்தாள்.